சுமை எங்கே போகும்?

பழைய புல்லட்டையோ ஆர்எக்ஸ் 100-ஐயோ ‘கஸ்டம்’ பண்ணுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் எதைக் கழற்றுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். சாரி கார்டு. பின்சக்கரத்தின் இடப்பக்கத்தில் நிற்கும் அந்தக் கம்பித் தடுப்பு. அடுத்தது, பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி. அப்புறம் அவருடைய ஃபுட்ரெஸ்ட். அப்புறம் சீட்டின் பின்பாதி. கடைசியில், அந்தப் பாதிச் சீட்டைத் தாங்கிக்கொண்டிருந்த ஃபிரேமின் வால்பகுதிக்குக் கிரைண்டர் வரும். தீப்பொறி பறக்கும் அந்தப் பத்து விநாடியைக் கட்டாயம் யாராவது ஸ்லோமோஷனில் எடுத்து, மேலே ஒரு பிஜிஎம் போட்டு ரீல்ஸ் ஆக்கிவிடுவார்கள்.

இந்த வரிசை தற்செயலானது இல்லை. கழற்றியதெல்லாம் இன்னொரு ஆளுக்காக இருந்தவை. அம்மாவுக்கு, மனைவிக்கு, ஆபீஸ் போகும் வழியில் லிஃப்ட் கேட்கும் நண்பனுக்கு. அவர்களை இறக்கிவிட்டபின் மிஞ்சுகிற வடிவத்துக்குத்தான் ‘கிளீன் லுக்’ என்று பெயர்.

அழகைப் பற்றிச் சண்டை போட நான் வரவில்லை. எவருக்கு எது பிடிக்கிறதோ பிடிக்கட்டும். என் சண்டை வேறு. பைக்கின் ஃபிரேமில் இருக்கிற ஒவ்வொரு குழாயும் எதையோ தாங்குகிறது. குழாயை வெட்டலாம், அது தாங்கிய சுமையை வெட்ட முடியாது. சுமை வேறு எங்கோ போகும். எங்கே போகும் என்று கேட்காமல் வெட்டுகிற ஒரு பழக்கத்தை நாம் கலை என்றும் கைவினை என்றும் தனித்துவம் என்றும் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். அது கலையும் இல்லை, கைவினையும் இல்லை. போட்டோவைப் பார்த்துச் செய்த அறுவை சிகிச்சை.

*

‘கஃபே ரேசர்’ என்ற சொல்லை இன்று பெட்ரோல் டேங்க் ஸ்டிக்கர் வரைக்கும் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சொல் வந்த இடத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1950களின் கடைசியிலும் அறுபதுகளிலும் லண்டனின் வடக்குச் சுற்றுச்சாலையில் இருந்த ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய இளைஞர்கள், மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொடவேண்டும் என்ற வெறியில் தங்கள் பைக்குகளை மாற்றியமைத்தார்கள். அவர்கள் உருவாக்கியவற்றில் புகழ்பெற்றது ‘டிரைட்டன்’. டிரையம்ஃப் இன்ஜினை நார்ட்டன் ஃபிரேமில் உட்காரவைப்பது. ஏன் நார்ட்டன் ஃபிரேம்? அன்றைக்குக் கிடைத்தவற்றில் வளைவுகளில் அதிகம் ஆடாத, முறுக்கிக்கொள்ளாத ஃபிரேம் அது என்பதால்.

அந்த ஃபிரேமுக்கு ‘ஃபெதர்பெட்’ என்று பெயர், இறகுமெத்தை. வடிவமைத்தவர்கள் பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லஸ், க்ரோமி மெக்கேண்ட்லஸ் என்ற சகோதரர்கள். 1950-ல் ஜெஃப் டியூக் அந்த ஃபிரேமில் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை வென்றார். இதே ரெக்ஸ் மெக்கேண்ட்லஸ் அதற்கு முன்பு செய்துகொண்டிருந்த வேலைதான் எனக்கு முக்கியம். அக்காலத்துப் பல பைக்குகளில் பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே கிடையாது. சக்கரம் ஃபிரேமோடு இறுகப் பிணைந்திருக்கும். அப்படிப்பட்ட பழைய பைக்குகளின் பின்பகுதியை மாற்றி ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சர்பரும் பொருத்துகிற வழியை அவர் உண்டாக்கினார். அதுதான் அன்றைய கஸ்டம் வேலை.

இன்று நம் ஊரில் நடப்பது அதற்கு நேரெதிர். ‘பாபர்’ ஆக்குகிறேன் என்று ஸ்விங் ஆர்மைக் கழற்றிவிட்டு, இரண்டு குழாயை வைத்துப் பின்சக்கரத்தை ஃபிரேமோடு சேர்த்துப் பற்றவைக்கிறார்கள். ஹார்ட்டெயில் என்று அதற்குப் பெருமையான பெயர் வேறு. அதுவும் எந்த பைக்கில்? புல்லட்டில். 1949-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த புல்லட் 350-இன் முக்கியமான புதுமையே அதன் பின்பக்க ஸ்விங் ஆர்ம்தான். 1955-ல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் அந்த பைக் உருவாக ஆரம்பித்து, நம் சாலைகளில் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு அந்த ஸ்விங் ஆர்முக்கும் ஒரு பங்கு உண்டு. எழுபத்தைந்து வருஷத்துக்கு முன் ஒருவர் யோசித்துச் சேர்த்ததை கிரைண்டர் வைத்து எடுத்துவிட்டு, ‘பில்ட்’ செய்தேன் என்கிறோம்.

*

சரி, எடுத்தால் என்ன ஆகும்?

ஹார்ட்டெயிலில் இருந்தே ஆரம்பிக்கலாம். ஷாக் இருக்கிற பைக்கில் ஒரு வேகத்தடை வந்தால் மேலே எழும்பவேண்டியது பின்சக்கரமும் அதைச் சேர்ந்த சில கிலோ இரும்பும் மட்டும்தான். ஷாக் இல்லாவிட்டால் பைக்கின் பின்பாதி முழுவதும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உங்கள் முதுகெலும்பு உட்பட, எழும்பியாக வேண்டும். எழுந்ததெல்லாம் திரும்ப விழும். அந்த அடி முழுவதும் புதிதாகப் பற்றவைத்த இணைப்புகள் வழியாகத்தான் போகும். இந்தியச் சாலைக் குழுமத்தின் தரப்படி ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள மெல்லிய மேடாக இருக்கவேண்டும். நம் தெருமுனையில் இருப்பது எப்படி இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு சுமை தார் மிச்சமிருந்தால் அங்கே ஒரு வேகத்தடை முளைத்துவிடும்.

அடுத்தது மோனோஷாக். பழைய ஆர்எக்ஸிலும் ஸ்ப்ளெண்டரிலும் இரட்டை ஷாக்கைக் கழற்றிவிட்டு நடுவில் ஒற்றை ஷாக் மாட்டுவது இப்போது பெரிய மோகம். இதில் ஒளிந்திருப்பது எட்டாம் வகுப்பு நெம்புகோல் கணக்கு. இரட்டை ஷாக் பின் அச்சுக்குப் பக்கத்திலேயே நிற்கும். சக்கரம் 10 சென்டிமீட்டர் ஏறினால் ஷாக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே அமுங்கும். ஒற்றை ஷாக்கை ஸ்விங் ஆர்மின் சுழல்புள்ளிக்கு அருகே மாட்டுகிறோம். சக்கரம் 10 ஏறும்போது ஷாக் 5 அமுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி தூரம் என்றால் இரண்டு மடங்கு விசை. முன்பு அந்த விசையை இடப்பக்கமும் வலப்பக்கமும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. இப்போது ஒரே இடம். ஆக, ஷாக்கின் மேல்முனையைத் தாங்குகிற புள்ளிக்கு முன்பைவிடச் சுமார் நான்கு மடங்கு சுமை. கம்பெனியே மோனோஷாக் வைத்துச் செய்த பைக்கில் அந்த இடத்தில் தடித்த குழாயும் முக்கோண வலுத்தகடும் இருக்கும். நம் ஆள் என்ன செய்கிறார்? சீட்டுக்கு அடியில் ஓடுகிற, இந்த வேலைக்கே வராத ஒரு மெல்லிய குறுக்குக் குழாயில் ஒரு பிளேட்டை ஒட்டி அதில் போல்ட் போடுகிறார்.

அது நாளைக்கே உடையாது. அதுதான் பிரச்சினையே. ஒரு கம்பியைக் கையில் ஒடிக்கவேண்டும் என்றால் என்ன செய்வோம்? முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருப்போம். ஒவ்வொரு வளைப்பிலும் ஒன்றும் ஆகாததுபோலவே இருக்கும், திடீரென்று ஒரு வளைப்பில் கையோடு வரும். வெல்டிங்கின் ஓரத்தில் விரிசல் பிறப்பதும் இப்படித்தான். அதன்மேல் பளபளவென்று பவுடர் கோட்டிங் அடித்திருந்தால் விரிசல் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. ரீல்ஸ் எடுத்த நாளில் எல்லா பைக்கும் நன்றாகத்தான் ஓடும்.

முன்பக்கத்தில் நடப்பது இன்னும் நுட்பமானது. ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் சுழல்தண்டு முன்னால் இருக்கும், சக்கரம் கொஞ்சம் பின்தங்கி இழுபட்டு வரும். அதனால்தான் தள்ளுகிற திசையில் தானாக நேராகிறது. பைக்கிலும் அதே கதை. ஸ்டீரிங் தண்டின் கோட்டை அப்படியே தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். பெரும்பாலான தெரு பைக்குகளில் இது 8 முதல் 11 சென்டிமீட்டருக்குள் இருக்கும். உள்ளங்கை அகலம்தான். கையை லேசாக விட்டாலும் பைக் நேராகப் போகிறதென்றால் அதற்கு முதல் காரணங்களில் ஒன்று இந்த உள்ளங்கை அகலம்.

முன் ஃபோர்க்கை இறக்கி, பின்னால் உயரமான ஷாக்கை மாட்டி, ‘ஸ்டான்ஸ்’ கிடைத்துவிட்டது என்கிறோம். கிடைத்தது மூக்கு குத்திய ஒரு தோற்றம், போனது டிரெயிலில் ஒரு பகுதி. நாற்பதில் போகும்போது ‘ஹேண்ட்லிங் ஷார்ப்பா இருக்கு ப்ரோ’ என்று தோன்றும். எண்பதில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஹேண்டில்பார் கையை உதறும். வேறு பைக்கின் ஃபோர்க்கை, சின்னச் சக்கரத்தோடு, அப்படியே தூக்கி மாட்டுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. டிரெயில் எவ்வளவு ஆயிற்று என்று டேப் வைத்து அளந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

*

சென்னையில் ஒரு லேத் பட்டறையில் என் காதால் கேட்ட பேச்சு இது. பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். கையில் போன்.

“அண்ணே, இதோட வெட்டிருங்க. பின்னாடி கிளீனா இருக்கணும்.”

“ஷாக்கோட மேல்பக்கத்தை எங்க தம்பி மாட்டுறது?”

“இந்தக் குழாய்ல ஒரு பிளேட் வெச்சுப் பத்தவெச்சுடுங்கண்ணே. போட்டோல அப்படித்தான் இருக்கு.”

“வெச்சுடலாம். தாங்குமான்னு மட்டும் என்னைக் கேக்கக் கூடாது.”

“தாங்கும்ணே.”

இதில் வெல்டரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேட்கவேண்டிய ஒரே கேள்வியை அவர்தான் கேட்டார். அவரிடம் வரைபடம் இல்லை, ஃபிரேமை அசையாமல் பிடித்துவைக்கும் ஜிக் இல்லை, மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவான் என்ற பயம் மட்டும் இருக்கிறது. அந்தப் பேச்சில் இன்ஜினியரின் இடத்தில் இருந்தது ஒரு போட்டோ. போர்ச்சுகலிலோ ஜப்பானிலோ எடுத்த, காட்சிக்கு வைத்த ஒரு பைக்கின் போட்டோ. அந்த பைக்கின் குழாய்க்குள் என்ன வலு சேர்த்தார்கள், எந்த எஃகு, அது ஒரு வருஷத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எதுவும் போட்டோவில் தெரியாது.

ஜிக் ஏன் முக்கியம்? வெல்டிங்கில் உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கும். சுருங்கும்போது பக்கத்துக் குழாயையும் இழுக்கும். புல்லட்டின் ஃபிரேமில் இன்ஜினுக்கு அடியில் குழாயே கிடையாது. முன்னால் இறங்கும் ஒற்றைக் குழாய் இன்ஜினோடு நின்றுவிடும். வளையத்தை மூடுவது இன்ஜின்தான். இன்ஜினை இறக்கிவைத்துவிட்டு, தரையில் கிடத்திய ஃபிரேமில் பற்றவைத்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கோணிக்கொண்டு போக எவ்வளவு நேரம் ஆகும்? அதன்பிறகு முன்சக்கரம் ஒரு கோட்டிலும் பின்சக்கரம் இன்னொரு கோட்டிலும் ஓடும். ‘பைக் லேசா லெஃப்ட்ல இழுக்குது’ என்று வருஷக்கணக்கில் டயரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். இது எதற்கு இருக்கிறதென்றே தெரியவில்லை என்று பழைய கோடின் நாலு வரியை அழிக்கிற ஆட்களை எங்கள் தொழிலில் நிறையப் பார்க்கலாம். அங்கே குறைந்தபட்சம் பழைய பதிப்பு பத்திரமாக இருக்கும், ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பிப் போட்டுவிடலாம். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-ல் நின்றுவிட்டது. சேசிஸ் எண் அடித்த ஃபிரேம் ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்றுதான். வெட்டினால் வெட்டியதுதான்.

*

இதையெல்லாம் படித்து ‘ஸ்டாக்’ பக்தர்கள் தலையாட்டுவது தெரிகிறது. அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. கம்பெனி 1985-ல் போட்ட போல்ட்டை 2025-லும் மாற்றக்கூடாது, மாற்றினால் பாவம் என்பது வேறொரு மூடநம்பிக்கை. கம்பெனி அந்த ஃபிரேமை வேதமாக எழுதவில்லை. அன்றைய விலைக்கும், அன்றைய டயருக்கும், அன்றைய வேகத்துக்கும் ஏற்ப ஒரு சமரசம் செய்தது. அதைத் திருத்தலாம். திருத்தத்தான் வேண்டும்.

புல்லட் கதையே இதற்குச் சாட்சி. ராயல் என்ஃபீல்ட் 2013-ல் கான்டினென்டல் ஜிடியைக் கொண்டுவந்தபோது பழைய ஃபிரேமை அங்கங்கே வெட்டி ஒட்டவில்லை. பந்தய ஃபிரேம் செய்வதில் பேர்பெற்ற ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடம் போய், இன்ஜினைச் சுற்றி அணைத்துப்போகும் இரட்டைக் குழாய் ஃபிரேமைப் புதிதாக வடிவமைத்து வாங்கியது. பிறகு 2015-ல் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. சொந்தத் தொழிற்சாலையும் சொந்த இன்ஜினியர்களும் உள்ள கம்பெனி, கஃபே ரேசர் தோற்றம் வேண்டுமென்றால் ஃபிரேமுக்கென்றே வாழ்கிறவர்களைத் தேடிப் போகிறது. நாம் யூடியூப் பார்த்துவிட்டு சனிக்கிழமை மத்தியானத்தில் முடித்துவிடுகிறோம்.

பழைய பைக்கைச் சரியாகத் திருத்துவது எப்படி இருக்கும்? படமெடுக்க ஒன்றுமே இருக்காது. தேய்ந்துபோன ஸ்விங் ஆர்ம் புஷ்ஷை மாற்றுவது. ஸ்டீரிங் கோன் செட்டில் குண்டுகளை எடுத்துவிட்டு டேப்பர் ரோலர் பேரிங் போடுவது. பல வருஷமாக மாற்றாத ஃபோர்க் ஆயிலைக் கொட்டிவிட்டு, இரண்டு காலிலும் ஒரே அளவு புது ஆயில் ஊற்றுவது. ஸ்போக்கை இழுத்துச் சக்கரத்தை வட்டமாக்குவது. இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்ப்பது. உங்கள் எடையோடு நீங்கள் உட்கார்ந்தால் ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது; மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் ஸ்பிரிங் உங்களுக்குச் சரி, பாதிக்குமேல் போனால் உங்களுக்கு மெத்தென்று தோன்றுகிற அந்த ஸ்பிரிங் பள்ளத்தில் முட்டிக்கொள்ளும். இவ்வளவையும் செய்தபின் பைக்கை ஓட்டிப் பாருங்கள். ஃபிரேமை மாற்றவேண்டும் என்று நினைத்தவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் வேண்டியிருந்தது புஷ்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

*

சட்டம் என்ன செய்கிறது என்றும் கேட்கவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்கலாம். இன்னொரு பக்கம், 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகளில் 123-ஆம் விதி இருக்கிறது. பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி மாட்டாமல் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, இவை கட்டாயம் என்கிறது. சாரி கார்டு அலங்காரம் இல்லை, விதி.

விதி 123-ஐ நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் பிரிவு 52 இருக்கிற விதத்தில் எனக்குக் கோபம் உண்டு. ஜெர்மனியில் ஃபிரேமையோ சஸ்பென்ஷனையோ மாற்றினால் டுஃப் போன்ற தொழில்நுட்ப அமைப்பிடம் வண்டியைக் காட்டலாம். தேறினால் அந்த மாற்றம் வண்டியின் ஆவணத்திலேயே ஏறும். பிரிட்டனிலும் பெரிதாக மாற்றியமைத்த மோட்டார் சைக்கிளுக்குத் தனிச் சோதனை உண்டு. நம்மூரில் ஒரு தனிமனிதன் நியாயமாக ஒரு மாற்றத்தைச் செய்து, சோதிக்கச் சொல்லி, சான்று வாங்குவதற்கு நடைமுறையில் வழியே இல்லை. கணக்குப்போட்டு, ஜிக்கில் வைத்துச் செய்தவனும் குற்றவாளி. போட்டோ பார்த்து வெட்டியவனும் குற்றவாளி. இரண்டும் ஒன்றுதான் என்றால் எவன் கணக்குப் போடுவான்? தடை இந்த வேலையை நிறுத்தவில்லை. ரசீது இல்லாமல், வரைபடம் இல்லாமல், பொறுப்பேற்க ஆளில்லாமல் நடக்கும்படி செய்திருக்கிறது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியை ஐந்து வருஷத்துக்கொரு முறை பதிவு புதுப்பிக்கக் கொண்டுபோகத்தான் வேண்டும். அந்த நாளிலேயே ஃபிரேம் கோணலையும் வெல்டிங்கையும் சோதித்து, தேறியதைச் சான்றிதழில் ஏற்ற ஒரு வழி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

‘என் பைக், என் இஷ்டம், விழுந்தால் நான்தானே விழுவேன்’ என்று ஒரு வாதம் உண்டு. அதுவும் உண்மையில்லை. நீங்கள் இரண்டு வருஷத்தில் சலித்துப்போய் அந்த பைக்கை விற்றுவிடுவீர்கள். வாங்குகிறவனுக்கு பவுடர் கோட்டிங்குக்குக் கீழே எங்கே ஒட்டு இருக்கிறது என்று தெரியாது. அவன் பெரிய சீட் ஒன்றை வாங்கி மாட்டி, தங்கையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போவான். நீங்கள் கழற்றி எறிந்த சுமை, வெட்டிய இடத்தின்மேலேயே வந்து உட்காரும்.

அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் பில்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நீங்கள் வெட்டப்போகிற குழாய் இப்போது எதைத் தாங்குகிறது? வெட்டினபிறகு அதை எது தாங்கும்? வேலை முடிந்ததும் டிரெயிலையும் சக்கரக் கோட்டையும் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீர்களா? மூன்றுக்கும் பதில் வந்தால் தாராளமாகச் செய்யுங்கள், நானே வந்து பார்த்துவிட்டுக் கைதட்டுகிறேன். பதில் வராவிட்டால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய் ஒரு செட் ஸ்விங் ஆர்ம் புஷ் வாங்குங்கள். சாரி கார்டைக் குப்பையில் போட்டிருந்தால் அதையும் தேடி எடுத்து மாட்டிவிடுங்கள்.